ஒரேத்தோ ஆற்றைக் கழுவியவன்

சுத்தம் ஒரு வியாதி. தொண்ணூறுகளில் பலேர்மோவில் சிஞ்ஞோராமார் என்கிற எசமானிமாரின் வீடுகளைத் துடைத்த எங்களில் பலருக்கு அது இருந்தது. எனக்கு நன்றாக முற்றியிருந்தது.

என் சிஞ்ஞோரா மீன் ஆராய்ச்சிக்காரி. கடலிலிருந்து ஒரேத்தோ ஆற்றுக்குள் ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். விரல் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு. அவை வந்து ஒளிந்துகொள்ளட்டும் என்று தும்புத்தடித் தலை போன்ற நார்க்கட்டுகளை முகத்துவாரத்தில் தொங்கவிட்டிருந்தார். காலையில் அவற்றைத் தூக்கி வாளிக்குள் உதறுவது என் வேலை. (ஊரில் நான் கடைக் கணக்கெழுதியவன். விலாங்கைக் கண்டால் பாம்பென்று ஓடுவேன். "மீன் தெரியுமா?" என்று கேட்டபோது, தீவுக்காரன் என்ற திமிரில் தலையாட்டிவிட்டேன்.)

ரோமிலிருந்து இரண்டு அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் ஆராய்ச்சி தொடரும், எனக்கு முறையான வேலை ஒப்பந்தம் கிடைக்கும். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி இருந்தால் கொழும்பு லொட்ஜில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் என் மனைவி வதனி வரலாம்.

"இந்த முறையாவது சரிவருமோ அப்பா?" என்று வதனி தொலைபேசியில் கேட்டாள்.

"ஓம் வதனி. விலாங்கு கைவிடாது."

அவர்கள் வருவதற்கு முதல்நாள் நார்க்கட்டுகளைப் பார்த்தேன். பாசி, வழுவழுப்பு, நாற்றம். விருந்தாளிகள் வரும்போது இந்தக் கோலமா! குளியலறைக்கு ஊற்றும் வெளுக்கும் மருந்தை முழுப்போத்தலாகக் கவிழ்த்து, ஊறவைத்து, தேய்தேயென்று தேய்த்துத் திரும்பக் கட்டினேன். வெள்ளைவெளேரென்று இருந்தன. கொஞ்சநேரம் நின்று ரசித்தேன்.

மறுநாள் அதிகாரிகளின் முன்னால் முதல் நார்க்கட்டை உதறினேன். தண்ணீர்தான் விழுந்தது. இரண்டாவதிலும் தண்ணீர். மூன்றாவதில் ஒரேயொரு குஞ்சு, செத்து வெளுத்து. அதிகாரி ஒருவர் மூக்கைச் சுருக்கினார்.

"யாரோ குளியலறை கழுவிய மணம் வருகிறதே?"

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "என்ன செய்தாய்?"

"கழுவினேன், சிஞ்ஞோரா." பெருமையாகச் சொன்னேன். (மடையா, அதில் பெருமை வேறு!)

"அந்தப் பாசியை நம்பித்தான் குஞ்சுகள் வரும். அது பிடிக்க ஒரு குளிர்காலம் எடுத்தது" என்றார்.

ஆராய்ச்சி நின்றது. ஒப்பந்தமும் போயிற்று. சிஞ்ஞோரா ஏசவேயில்லை. "சனிக்கிழமை ஜன்னல் துடைக்க வா" என்றார். ஏசியிருந்தால் ஒரு மனிதனை ஏசியதாகவாவது இருந்திருக்கும். அந்தச் சனிக்கிழமையும் போய்த் துடைத்தேன்.

வதனி வந்துசேர மேலும் மூன்று வருடங்கள் பிடித்தன.

இப்போதும் நான் சமையலறைக்குள் நுழைந்தால் மகள் கத்துவாள்: "அம்மா, சட்டியை அப்பாட்டைக் குடாதேங்கோ! விலாங்கைக் கழுவின மாதிரிக் கழுவிப்போடுவார்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வந்திறங்கிய அன்று விமானநிலையத்தில் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று அவள் கேட்டதை மட்டும் அந்தப் பகிடியில் யாரும் சேர்ப்பதில்லை.