ஒரே வாசல், ஒரே சாவி

சாவி திரும்பவில்லை.

வாசல்காரர் மறுபடி முயன்றார். ம்ஹூம். எண்ணூறு வருடக் கோட்டைக்கு இருப்பது ஒரே வாசல். அந்த வாசலுக்கு ஒரே பூட்டு. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. முதுகுக்குப் பின்னால் நாற்பது சுற்றுலாப் பயணிகள். மணி ஒன்பது ஐந்து.

வேறு நாளாக இருந்தால் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வருகிறார். வாசலுக்கு ஓர் ஆள் தேவையா, பொத்தானை அமுக்கினால் திறக்கிற கதவு போதுமா என்று அவர் அறிக்கை எழுதப் போகிறார். இருபத்திரண்டு வருட வேலை அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது.

அதனால்தான் காலையிலிருந்தே அத்தனை கறார். ஏழு மணிக்குப் பெருக்குகிற அம்மாவுக்காகத் திறந்துவிட்டு, எதிர்க்கடையில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தபடி டீ குடித்தார். எட்டு மணிக்கு அவள் துடைப்பத்தோடு வெளியே வந்ததும் இழுத்துப் பூட்டினார். ஒன்பதுக்கு முன்னால் ஈ காக்காய் உள்ளே நுழையக் கூடாது. சட்டம் சட்டம்தான்.

"என்னண்ணே, மக்கர் பண்ணுதா?" என்றபடி பஸ் ஓட்டுநர் வந்தார்.

"காலையிலகூட நல்லாத்தான்பா இருந்துச்சு!"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா வழிக்கு வந்துடும்."

பஸ்ஸிலிருந்து டப்பா வந்தது. விட்டார்கள். சாவி இப்போது திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை.

"கல்லால லேசா ஒரு தட்டு தட்டுங்க."

தட்டினார். 'டிக்!' சாவியின் தலை கைக்கு வந்தது. மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது. ஓட்டுநர் குறடால் இழுக்கிறேன் பேர்வழி என்று அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டார்.

"பூட்டுக்காரனுக்குப் போன் போட்டுட்டேன். பன்னெண்டு மணிக்கு வர்றானாம்" என்றார், ஆறுதலாக.

அப்போது வாசல்காரரின் செல்போன் அலறியது. தலைமை எழுத்தர்.

"யோவ், ஆய்வு சார் வந்துட்டாரா? மொத பஸ்லயே கிளம்பிட்டாராம். கையில சிவப்பு நோட்டு வச்சிருப்பாரு. போனும் எடுக்க மாட்டேங்கறாரு."

வரவில்லை என்றால் தேடுவார்கள். தேடினால் இங்கே வருவார்கள். வந்தால் பூட்டைப் பார்ப்பார்கள். மூளையை முந்திக்கொண்டு நாக்கு பேசியது.

"வந்துட்டாரு சார்! உள்ளதான் சுத்திப் பாத்துட்டிருக்காரு!"

"நல்லா கவனிச்சுக்கோய்யா."

"என் பொறுப்பு சார்!"

பின்னால் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் குடையைத் தரையில் ஊன்றினார்.

"எங்களுக்கு ஒரு மணி நேரந்தான் ஒதுக்கியிருக்கு. உள்ள போய் நாலு படம் எடுத்துட்டுக் கிளம்பணும். திறப்பீங்களா, மாட்டீங்களா?"

வாசல்காரருக்கு வேறு வழி தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இப்ப நீங்க யாரு தெரியுமா? எதிரிப் படை! இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்து வெளிய நிக்கிறீங்க. கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க."

தூக்கினார்கள்.

நாற்பது கழுத்துகள் பின்னால் வளைந்தன.

சுவர் போய்க்கொண்டே இருந்தது. பஸ் பருமனுக்கு ஒரு கல், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று, கழுத்து வலித்த பிறகும் முடியாமல். உச்சியில் ஒரு பருந்து, தும்பி அளவுக்குத் தெரிந்தது. டீச்சர் கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே செருகப் பார்த்தார். நுழையவில்லை. டிக்கெட்தான் மடங்கியது.

"சுண்ணாம்பே பூசலையா?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஒரு கைப்பிடி கிடையாதும்மா. கல்லு மேல கல்லு, அவ்வளவுதான். வர்ற வழி மூணு தடவை வளைஞ்சுதே, ஏன்? யானை ஓடி வந்து முட்ட இடம் கொடுக்கக் கூடாது. தப்பித்தவறி முட்டினா, கதவுல இருக்கிற முள்ளு சரியா அதோட நெத்திக்கு நேரா நிக்கும். மேல வரிசையா சந்து தெரியுதா? ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு வில்லாளி நின்னான்."

நாற்பது பேரும் தங்களை அறியாமல் ஓரடி பின்வாங்கினார்கள்.

ஓட்டுநருக்கு மட்டும் ரத்தம் சூடேறியது. "நாமளும் ஒரு முட்டு முட்டிப் பாப்போம்ணே!"

வாசல்காரர் உட்காரும் மரப்பெஞ்சைப் பத்துப் பேர் தூக்கினார்கள். "ஏய்... ஹோ!" பெஞ்சு இரண்டாக உடைந்தது. கதவிலிருந்து தூசிகூட விழவில்லை. கூட்டம் கைதட்டியது, கதவுக்கு!

"உஷ்!" டீச்சர் கதவில் காதை வைத்தார். "உள்ள யாரோ தட்டுறாங்க!"

டொக். டொக். டொக்.

வாசல்காரருக்கும் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் கேட்டதே இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

"அந்தக் காலத்துக் காவல் வீரன்மா. வெளிய எதிரி நின்னா அவனுக்குத் தூக்கம் வராது."

"ஏதோ கத்துற மாதிரியும்..."

"சுவர் பதினெட்டடி தடிமன். உள்ள இடி விழுந்தாலும் வெளிய கொசு கத்துற மாதிரிதான் கேக்கும். செல்போன் சிக்னலே உள்ள எட்டிப் பாக்காதுன்னா பாத்துக்குங்க!"

ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படம் எடுக்க வந்தவர்கள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வெயிலில் சுட்ட கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. கிளம்ப யாருக்கும் மனமில்லை. பார்வையாளர் புத்தகத்தில் டீச்சர் எழுதினார்: 'உள்ளே போய்ப் பார்த்த கோட்டைகள் எல்லாம் மறந்துவிட்டன. உள்ளே போக முடியாத இந்தக் கோட்டை சாகும்வரை மறக்காது.'

வாசல்காரர் அதை மூன்று முறை படித்தார். மார்பு விம்மியது. வளைவில் பூட்டுக்காரனின் பைக் தெரிந்தது. ஆய்வு அதிகாரி வந்த பாடில்லை. இந்தப் புத்தகத்தை நீட்டினால் போதும், எந்தப் பொத்தான் இப்படிப் பேசும்? பிழைத்தோம்!

செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெருக்குகிற அம்மா, உடைந்த பெஞ்சையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே, நான் போனதுலருந்து கதவைத் திறக்கவே இல்லையா? அப்ப, காலையில சிவப்பு நோட்டும் கையுமா உள்ள வந்து, சுவரைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாரே ஒரு பெரிய மனுஷர்... அவர் எந்த வழியா வெளிய வந்தாரு?"