நாலு அங்குலம் நகர்ந்த தெரு

ஹார்லன்பர்க் நகரில் வருஷத்துக்கு ஏழு மாதம் பனி கொட்டும். மிச்ச ஐந்து மாதம் சாலையைத் தோண்டுவார்கள். அந்த ஊருக்கு மில்லர்ஸ் என்றொரு கூடைப்பந்து அணி உண்டு. அது கோப்பையைத் தொட்டு முப்பத்தொரு வருஷமாகிறது. ஒப்பந்தம் முடிந்து, விரும்பிய ஊருக்குப் போகும் உரிமை பெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் கோடைதோறும் ஹார்லன்பர்க்கைத் தவிர மற்ற எல்லா ஊர்களையும் விரும்பினார்கள். எனவே மாநகராட்சி, 'ஆட்டக்காரர் ஈர்ப்பு ஆணையம்' ஒன்றை அமைத்தது. ஆணையம் பதினெட்டு மாதம் ஆராய்ந்து, ஹார்லன்பர்க் மிகுந்த ஈர்ப்புடைய நகரமே என்று இருநூற்றுப் பதினான்கு பக்க அறிக்கையில் ஏகமனதாக முடிவு செய்தது. ஆட்டக்காரர்கள்தான் அதைப் படிக்கவில்லை.

படித்த ஒரே ஆள், மாநகராட்சி சலூன் பரிசோதகர் வெண்டல் ஸ்ட்ரூபி. மில்லர்ஸ் தோற்ற அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன கோடையில் அணியின் முதுகெலும்பான கோரி வெல்டன் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குக் கழன்றுகொண்டபோது, ஊர் வழக்கப்படி அவன் பெயர் போட்ட சட்டையைக் கொல்லைப்புறத்தில் போட்டு எரித்தார். "பேராசை பிடிச்ச பய!" என்று நெருப்பைப் பார்த்துத் திட்டினார். எரிப்பதற்கு முறைப்படி அனுமதிச் சீட்டும் வாங்கியிருந்தார்.

இந்தக் கோடையில் டேரியஸ் ஹோல்கம் என்ற கறுப்பின நட்சத்திர ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தான். அவன் வந்தால் கோப்பை வந்த மாதிரி. ஏரி, அருங்காட்சியகம், பாலாடைக்கட்டித் திருவிழா எல்லாவற்றையும் வர்ணித்து ஆணையம் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியது. டேரியஸின் முகவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'ஒன்பது நாளில் ஊரைப் பார்க்க வருகிறோம். அங்கே இவருக்கு யார் முடி வெட்டுவார்கள்?'

மேயர் லொரெய்ன் டக்கெட் வெண்டலைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஊர்ல எத்தன சலூன் இருக்கு, வெண்டல்?"

"அறுபத்திரண்டு, மேடம்."

"கறுப்பினத்து ஆளுங்க முடிய ஒழுங்கா வெட்டத் தெரிஞ்ச சலூன்?"

வெண்டல் கூரையைப் பார்த்தார். "ஒண்ணு இருந்துச்சு, மேடம். பிரெஸ்காட் தெருவுல, கிப்ஸ் கடை."

"இருந்துச்சுன்னா?"

"மூணு வருஷம் முன்னால மூடிட்டாங்க."

"எந்த மடையன் மூடினான்?"

"நாந்தான், மேடம்."

கடை வாசலில், சலூனுக்கு அடையாளமாகச் சுழலும் சிவப்பு வெள்ளைக் கம்பம் நடைபாதைக்குள் நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. வெண்டல் தன் ரிப்போர்ட்டில் எழுதிய குற்றம் அதுதான்.

"சரி, அந்த ரிப்போர்ட்டக் கிழிச்சுப் போடுங்க."

"பரிசோதகர் ரிப்போர்ட்ட ரத்து பண்ண விதியில இடமில்ல, மேடம்."

"அப்போ கம்பத்த நகர்த்தச் சொல்லுங்க!"

"நகர்த்த அனுமதி வேணும். அனுமதி திறந்திருக்கிற கடைக்குத்தான் குடுப்போம். கடை மூடியிருக்கு. ஏன்னா கம்பம் நீட்டிட்டிருக்கு."

மேயர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பின்ன எதத்தான்யா நகர்த்த முடியும்?"

வெண்டல் ஆழ்ந்து யோசித்தார். "நடைபாதைய நகர்த்தலாம், மேடம். அது நம்மளோடது."

மறுநாளே பிரெஸ்காட் தெருவைத் தோண்டினார்கள். இந்தப் பக்க நடைபாதை நாலு அங்குலம் தள்ளிப்போயிற்று. அதனால் சாலை தள்ளிப்போயிற்று. அதனால் எதிர்ப்பக்க நடைபாதையும் தள்ளிப்போய், அங்கிருந்த தேவாலயம் தன் கடைசிப் படியைப் பொதுநலன் கருதி இழந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து வந்தவர்களில் மூன்று பேர் விழுந்தார்கள்.

வெண்டல் கிப்ஸின் வீட்டுக்குப் போனார். அறுபது வயது கிப்ஸ் அடுப்பில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர். என் அடுப்பு எத்தன அங்குலம் நீட்டிட்டிருக்கு?"

"மாநகராட்சி உங்க சேவைய மதிக்குது, மிஸ்டர் கிப்ஸ். நீங்க கடையத் திறக்கணும்."

"முந்நூறு பேரு கையெழுத்துப் போட்டு மனு குடுத்தமே, படிச்சீங்களா?"

"ஃபைல்ல இருக்கு."

"அதக் கேக்கல. படிச்சீங்களான்னு கேட்டேன்."

வெண்டல் பீன்ஸைப் பார்த்தார். "டேரியஸ் வந்தா நாம ஜெயிச்சிருவோம், கிப்ஸ்," என்றார். "எனக்கும் வயசாகுது. ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

கிப்ஸ் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "நானும் மில்லர்ஸ் ஆளுதான்யா. போய்த் தொலைங்க, வெட்டுறேன்."

உரிமத்தை எழுதுவதற்காக வெண்டல் கிப்ஸ் கடையின் பழைய ஃபைலைத் திறந்தார். மனு உள்ளேயே இருந்தது. பதினோராவது கையெழுத்து கோரி வெல்டனுடையது. பக்கத்தில் சின்ன எழுத்தில் அவன் எழுதியிருந்தான்: 'முடி வெட்ட வாராவாரம் மூன்று மணி நேரம் கார் ஓட்டுகிறேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. தயவுசெய்து கடையைத் திறந்துவிடுங்கள்.' அதன் மேலேயே முத்திரை குத்தியிருந்தது: 'பெறப்பட்டது. நடவடிக்கை தேவையில்லை.' கீழே வெண்டலின் சொந்தக் கையெழுத்து.

அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டை எரிந்த நாற்றம்கூட மூக்கில் ஏறியது.

"ஃபைல்ல ஏதாவது சிக்கல் உண்டா?" என்று மேயர் தொலைபேசியில் கேட்டார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு, மேடம்."

டேரியஸ் வந்த அன்றும் தெரு தோண்டியபடியே கிடந்தது. ஆறரை அடிக்கு மேல் உயரமான மனிதன், பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் ஊர்ந்து கடைக்குள் போனான். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. சாயங்காலத்துக்குள் அவன் பெயர் போட்ட மில்லர்ஸ் சட்டைகள் ஒன்றுவிடாமல் விற்றுத் தீர்ந்தன. வெண்டலும் ஒன்று வாங்கினார்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. டேரியஸ் தெற்கே, கோரி இருக்கும் அந்தக் கடற்கரை அணிக்கே போய்விட்டான். கிப்ஸையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

வெண்டல் ஓடினார். கிப்ஸ் கத்திரிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவன்கிட்ட என்னய்யா சொன்னீங்க?"

"இவ்வளவு நாள் கடை ஏன் மூடியிருந்துச்சுன்னு கேட்டான். நடந்தத அப்படியே சொன்னேன். வெளிய ஏன் தோண்டிருக்குன்னு கேட்டான். அதையும் சொன்னேன். 'கோரி ஏன் போனான்னு இப்பதான் புரியுது'ன்னான்." கிப்ஸ் பெட்டியை மூடினார். "அந்த ஊர்ல மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே உரிமம் குடுத்துட்டாங்க, இன்ஸ்பெக்டர். எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

மறுநாள் காலை மாநகராட்சி வாசலில் வரிசை இரண்டு தெரு நீளத்துக்கு நின்றது. எல்லார் கையிலும் புதுச் சட்டை. வெண்டலையும் எரிப்பு அனுமதிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் கொடுத்தார்.

"இந்த ஊர்ல ஒரு வேல இத்தன சுறுசுறுப்பா நடந்து நான் பாத்ததே இல்ல!" என்று ஒரு பெண்மணி மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

விண்ணப்பத்தில் 'எரிப்பதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில் ஆட்டக்காரரின் பேராசை என்றே எழுதியிருந்தார்கள். வரிசை தீர்ந்ததும் வெண்டல் தன் பையிலிருந்த சட்டையை மேசைமேல் வைத்தார். நானூற்றுப் பதின்மூன்றாவது விண்ணப்பத்தை எடுத்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு அவரும் 'பேராசை' என்று எழுதி, தானே முத்திரை குத்தி, தனக்கே அனுமதி வழங்கிக்கொண்டார்.