இரண்டால் பெருக்க வேண்டிய மனிதர்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தலைக்குக் குளித்து ஈரம் உலர்ந்த பிறகு, ஜன்னல் வெளிச்சம் உச்சியில் விழும்படி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகவாயை நெஞ்சில் ஊன்றி, முப்பத்தைந்து வயது மகளின் கையில் ஒரு ஸ்கேலையும் கைப்பேசியையும் கொடுத்து, "நடு உச்சியில வெச்சு எடும்மா, உன் நிழல் விழக்கூடாது" என்று உத்தரவு போடும் ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். இந்த இனம் இன்னும் அருகிவிடவில்லை. முடிதான் அருகிவருகிறது.

இந்த இனத்துக்கு உச்சந்தலை ஆராய்ச்சியாளர் என்று பெயர். நாற்பதுக்கு மேல் எந்த அலுவலகத்திலும், எந்த மாடிக் குடியிருப்பிலும் காணலாம். எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். நெற்றியில் முடி தொடங்கும் எல்லைக்கோட்டைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாத இடத்திலும் தன்னைப் பார்த்துக்கொள்வார்: நிறுத்தியிருக்கும் காரின் கதவு, அணைத்து வைத்த டிவி, லிஃப்டின் எஃகுச் சுவர், மூக்குக் கண்ணாடி போட்ட நண்பர்.

நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் இதில் தலையாய மாதிரி. வயது அறுபத்திரண்டு. நகரத்தின் குடிநீர்க் குழாய்களை முப்பத்தைந்து வருடம் மேற்பார்வை பார்த்தவர். எந்தத் தெருவில் தண்ணீர் நூலாக வந்தாலும், எந்த வால்வில் அடைப்பு என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். அலுவலகத்தில் பெயரைச் சொன்னால் தெரியாது. ஹார்மோன் சார் என்றால் வாட்ச்மேனே அறைக்குக் கூட்டிப்போவார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மகள் எடுத்த உச்சந்தலைப் படங்கள் மொத்தம் இருபத்தாறு. இருபத்தேழாவது ஞாயிறன்று ஹார்மோன் சார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். இப்போது அவர் இல்லை. போனவரைக் கேலி செய்யலாமா என்று தயங்காதீர்கள். இருந்தபோதும் அந்த வீட்டில் அதுதான் நடந்தது.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். யார் சொன்னதோ, அவருக்குத் தலை நிறைய முடி இருந்திருக்க வேண்டும். ஹார்மோன் சாரின் கணக்கு வேறு. குளியலறைத் தண்ணீர்ப் போக்கியில் சேர்ந்த முடியை டிஷ்யூ தாளில் பரப்பி எண்ணுவார். நூறைத் தாண்டினால் அன்று வீட்டில் துக்கம். எண்பதுக்குக் கீழே வந்தால் மனைவிக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனாலும் உங்களுக்கு முடி நனையுதேன்னுதான் கவலை" என்பாள் மனைவி.

"உனக்குப் புரியாது. இது டி.எச்.டி. பண்ற வேலை."

டி.எச்.டி. என்பது முடியின் வேரைச் சுருங்கவைக்கும் ஆண் ஹார்மோன். அவர் அதைப் பக்கத்து வீட்டு வம்புக்காரனைப் பற்றிப் பேசுகிற தொனியில்தான் பேசுவார். "நேத்து ராத்திரி நல்லா வேலை காட்டிட்டான்." முதலில் பார்த்த தோல் மருத்துவர், "ஆம்பளைங்களுக்குப் பரம்பரையா வர்ற வழுக்கைக்கு இந்த ஹார்மோன் டெஸ்டெல்லாம் பொதுவா தேவையே இல்லை சார், பாத்தாலே தெரியுது" என்றார். பார்த்தாலே தெரிகிறதாம்! ஹார்மோன் சார் மருத்துவரை மாற்றினார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மருத்துவத்தையே மாற்றினார். கைப்பேசியில் படித்து, ஒரு முடி மாத்திரையைத் தானே தேர்ந்தெடுத்து, தானே வாங்கி, தினம் ஒன்று போடத் தொடங்கினார். நியாயமாகச் சொன்னால் அந்த மாத்திரை வேலை செய்தது. அதுதான் இந்தக் கதையின் தொல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை நிலையம். காலை ஏழு மணிக்கு, கதவு திறப்பதற்குள், இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண மாப்பிள்ளை கணக்காக நிற்பார். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அவருடைய நரம்பு மனப்பாடம்.

"என்ன சார், இந்தத் தடவையும் முடிதானா?"

"டெஸ்டோஸ்டீரோன், டி.எச்.டி., தைராய்டு, ஃபெரிட்டின். எழுதிக்கோம்மா."

"எனக்கும்தான் கொத்துக் கொத்தாக் கொட்டுது. நான் ஊசி குத்திக்கறேனா?"

"உனக்கென்னம்மா, நீ சின்னப் பொண்ணு, நாலு கொட்டினா எட்டு முளைக்கும்."

ரத்தம் கொடுத்ததும் பஞ்சை அழுத்தியபடியே வாசல் கண்ணாடிக்கு வருவார். சட்டைப்பையில் ஒரு தோல் சீப்புறை. அதிலிருந்து சீப்பை எடுப்பார், முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று, உச்சியில் மட்டும் சீவாமல் ஒரு தடவல், மறுபடி உறைக்குள் சீப்பு. அந்தப் பெண் சக ஊழியரிடம், "பூஜை முடிஞ்சுது" என்பாள்.

ஊரார் குழாயில் அடைப்பைக் கண்டுபிடித்தவருக்குத் தன் குழாய் மட்டும் தெரியாமல் போகுமா? தெரிந்தது. கழிப்பறைக்குப் போனால் கதவு திறக்கக் கால்மணி ஆயிற்று. மனைவி வெளியிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்ன, உள்ள வால்வு அடைப்பா?"

"வயசானா எல்லாக் குழாயும் அப்படித்தான். சும்மா இரு."

எல்லாக் குழாயும்! தெருக்குழாய் என்றால் ஆள் அனுப்பித் தோண்டியிருப்பார்.

கடைசியில் அவரை அசைத்தது மனைவியின் குரல் அல்ல, பரிசோதனை நிலையத்தின் விளம்பரப் பலகை. முடிக்கும் புராஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ். புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சுரப்பி. அதில் ஏதாவது கோளாறு என்றால் பி.எஸ்.ஏ. என்ற எண் ரத்தத்தில் ஏறலாம். இதுவும் ஒரு எண் என்று தெரிந்ததும் ஹார்மோன் சாருக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டது. கொடுத்தார். வந்தது: 3.4. பக்கத்திலேயே அச்சாகியிருந்தது, நான்கு வரை சரி.

இங்கே மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் எஞ்ஜினியர். அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி. ஒரு தராசு ஒரு கிலோ காட்டினால் அவள் நம்ப மாட்டாள். தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவள்தான் அன்று சாப்பாட்டு மேஜையில், சீப்புக்குப் பக்கத்தில் கிடந்த முடி மாத்திரை அட்டையை ஓரமாக நகர்த்திவிட்டு, ரிப்போர்ட்டை விரித்துப் படித்தாள்.

"மூணு புள்ளி நாலு. நாலுக்குள்ள இருக்குப்பா. நார்மல்."

"எஞ்ஜினியரே சொல்லியாச்சு" என்றார் ஹார்மோன் சார்.

ஆனாலும் மனைவி விடவில்லை. சிறுநீரக மருத்துவரிடம் தள்ளிக்கொண்டு போனாள். ஃபைலோடு போனார், ஃபைலில் பதினைந்து உச்சந்தலைப் படங்களும் இருந்தன. மருத்துவர் படங்களைப் பார்க்கவில்லை.

"எண் சரியா இருக்கு. ஆனா உங்க தொல்லைக்கு இது மட்டும் போதாது. பின்பக்கம் விரல் விட்டுப் பாத்துடலாம், ஒரு நிமிஷ வேலை."

இந்த இனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: எத்தனை ஊசி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார். விரல் என்றால் மானப் பிரச்சினை.

"அதான் ரத்தமே சொல்லிடுச்சே டாக்டர்."

மருத்துவர் சீட்டுப் புத்தகத்தை இழுத்துக்கொண்டார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லை."

பொய் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. முடிக்குப் போடுவதை மாத்திரை என்று யாராவது சொல்வார்களா? ஷாம்பூவைச் சொல்கிறோமா? ரத்த அழுத்தத்துக்குப் போட்டால் மருந்து, சர்க்கரைக்குப் போட்டால் மருந்து. முடிக்குப் போடுவது அலங்காரம்.

மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்தார். வெளியே வந்து, "கிளியர்!" என்றார் மனைவியிடம். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பொற்காலம். உச்சியில் முடி அடர்ந்தது. மகள் அதுவரை எடுத்த படங்களையெல்லாம் வரிசையாக வைத்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. சலூன்காரர், "சார், ரகசியம் என்ன?" என்று கேட்டார். ரகசியம் என்ன என்று கேட்கப்படுவதற்காகவே பிறந்தவர் போல ஹார்மோன் சார் முக்கால்மணி நேரம் பதில் சொன்னார். பாதி வெட்டிய தலையோடு நாலு பேர் காத்திருந்து கேட்டார்கள்.

பிறகு இடுப்பு வலி. தலையணையைக் குற்றம் சொன்னார். மெத்தையை மாற்றினார். நாற்காலியை மாற்றினார். ஒருநாள் முக்காலியிலிருந்து எழ முடியவில்லை. இருபத்தாறாவது படம் அன்று எடுத்ததுதான். "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகளின் தோளைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த மருத்துவர் ஒரு பெண். புராஸ்டேட்டிலிருந்து எலும்புவரை போயிருந்ததைச் சொன்னபிறகு, பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். கட்டிலில் கிடந்தவரின் தலையைப் பார்த்தார். அந்த வயதுக்கு அது அதிகப்படியான தலை.

"அப்பா முடிக்கு ஏதாவது சாப்பிடறாரா?"

"ஆமா. ரெண்டு வருஷமா" என்றாள் மகள்.

மருத்துவர் பேனாவை எடுத்து, 3.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் இரண்டும் போட்டு, 6.8 என்று எழுதினார்.

"அந்த மாத்திரை பி.எஸ்.ஏ.வைப் பாதியாக் காட்டும். அது சாப்பிடறவங்களுக்கு ரெண்டால பெருக்கித்தான் பாக்கணும். யாரும் சொல்லலையா?"

யார் சொல்வது? தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்ததை ஓரமாக நகர்த்தியவளா?

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா, அப்ப என் டி.எச்.டி.யையும் பெருக்கணுமா?"

மகள் சிரித்துவிட்டாள். மருத்துவரும் சிரித்தார். அழுகை நடைக்கூடம் வரைக்கும் காத்திருந்தது.

ஏழு மாதம் இருந்தார். கடைசிவரை முடி இருந்தது. மயிர் வந்தது, மலை போயிற்று.

நல்லது. இந்த இனத்தைப் பார்த்து நீங்கள் வேண்டியமட்டும் சிரித்தாயிற்று. இப்போது ஒரு சின்னக் கேள்வி: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருந்தது? உச்சந்தலையில் ஒரு தடவை போய் வந்ததல்லவா? பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை. அடுத்த முறை மருத்துவர், "வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்கும்போது, "ஒண்ணும் இல்லை" என்று வாய் திறப்பதற்குமுன், கண்ணாடி அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடி கொட்டவே இல்லையா? அப்படியானால் வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டையோ வாங்கிப் பார்த்து, "நார்மல்" என்று சொன்னவர் நீங்கள்.

அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகள் போன வாரம்தான் எடுத்தாள். ஒன்றின் பையில் தோல் சீப்புறை இருந்தது. சீப்பை உருவியபோது கூடவே ஒரு சீட்டு வந்தது, எட்டாக மடித்தது, மடிப்பில் எண்ணெய் படிந்தது. சிறுநீரக மருத்துவரின் கையெழுத்து. "மூன்று மாதத்தில் மறுபடி பி.எஸ்.ஏ. எடுக்கவும். வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வரவும்." எல்லா என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

அந்தச் சீட்டு எழுதிய பிறகு அவர் அதே பரிசோதனை நிலையத்துக்கு நாலு முறை போயிருக்கிறார். நாலு ரிப்போர்ட்டும் ஃபைலில் இருக்கின்றன: முடி, முடி, முடி, முடி. நாலு முறையும் ரத்தம் கொடுத்து, பஞ்சை அழுத்தியபடி வாசல் கண்ணாடிக்கு வந்து, அந்த உறையிலிருந்து சீப்பை எடுத்து, முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று சீவி, மறுபடி சீட்டின் மேலேயே செருகியிருக்கிறார்.