மேற்படியாரின் தன்வரலாற்று மனு

உலகத்தில் கைப்பிரதிகளைத் திருத்திக் காலந்தள்ளுவோர் அனைவரும் ஒன்றுகூடி, ஒரே ஒரு மனிதரிடமிருந்து மட்டும் கணினியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டால், அவர்கள் வந்து இறங்க வேண்டிய இடம் திருவண்ணாமலைப் பேருந்து நிலையம்தான். அங்கிருந்து வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். மேற்படியார் வீடு எது என்று கேட்டால் ஓட்டுநரே வாசலில் இறக்கிவிடுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அறிய விரும்புவோர் அவருடைய புத்தகத்தை விலைகொடுத்து வாங்கட்டும். அரசு அலுவலக வாசலில் முப்பத்தைந்து ஆண்டுகள் மனு அடித்துக் கொடுத்தவர். முதலில் தட்டச்சு இயந்திரத்தில், பிறகு கணினியில். தேநீர்க் கடையிலும் “மேற்படி டீயில சக்கரை கம்மியா” என்றுதான் சொல்வார். பெயர் அப்படித்தான் நிலைத்தது.

நான் செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றுக்குக் கைப்பிரதிகளைச் செப்பனிட்டுத் தருகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் மேற்படியார் படியேறி வந்தார். கைக்குட்டையில் சுற்றிய பென்டிரைவை மேசைமேல் வைத்தார். தம் வாழ்க்கையை எழுதியிருப்பதாகவும், பதிப்பகம் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும், நம் ஊர்ப் புத்தகக் காட்சிக்குள் அது வெளிவந்தாக வேண்டும் என்றும் தெரிவித்தார். அவசரம் என்னவென்று கேட்டேன்.

“இந்தப் பக்கத்துல பாதிப் பேரு பட்டா வாங்கினது நான் அடிச்ச மனுவுலதாம்மா. ஒண்ணுலயும் என் பேரு இல்ல. ஒருவாட்டியாவது நம்ம பேரு அச்சுல வரணும்.”

இதைக் கேட்டபின் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தபின் வந்தது.

முதல் அத்தியாயத்தின் தலைப்பில் ‘அனுப்புநர்’ என்று அவர் பெயரும் முழு முகவரியும். அதன் கீழே ‘பெறுநர்’ என்று, காலஞ்சென்ற அவருடைய தாயார். அதற்கும் கீழே, ‘பொருள்: நான் பிறந்தது – தொடர்பாக.’ இருபத்திரண்டு அத்தியாயங்களும் இப்படியே. திருமண அத்தியாயம் மனைவி சகுந்தலா அம்மாளுக்கு முகவரியிடப்பட்டிருந்தது. ‘பொருள்: பெண் பார்க்க வந்தபோது தங்களைச் சரியாகப் பார்க்காதது – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.’ தாயார் இறந்த அத்தியாயத்தின் அடியில் ‘நகல்: தம்பி’ என்றிருந்தது.

மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்த சமையலறைபோல, பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்தது. ஒவ்வோர் எறும்பும் ஓர் இடைவெளி. ‘இப்படிக்கு’ என்ற சொல்லை வலப்பக்கம் கொண்டுபோக நாற்பத்தொரு தட்டு தட்டியிருந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் உருளைவண்டியைத் தள்ளிய பழக்கத்தில், வரிக்கு வரி எண்டர். பக்க எண்களையும் கையாலேயே அடித்திருந்தார். பக்கத்தைப் புத்தக அளவுக்குச் சுருக்கியதும் வரிகளெல்லாம் முறிந்து, எண்கள் இடம்பெயர்ந்து, ‘கெட்டிமேளம் முழங்க –14– தாலி கட்டினேன்’ என்றாயிற்று.

அத்தியாயம் பாதிப் பக்கத்தில் முடிந்தால், மீதிப் பாதியை எக்ஸ் எழுத்துகளால் அடைத்திருந்தார். காரணம் கேட்டதற்கு, வெற்றிடம் விட்டால் யாராவது இடைச்செருகிவிடுவார்கள் என்றார். அவருடைய பால்ய வாழ்க்கையில் எவர் எதை இடைச்செருகப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அடிக்கோடுகளுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்: அதிகாரிகள் அடிக்கோடிட்டதை மட்டுமே படிப்பார்களாம். தம் வாழ்க்கையில் எது முக்கியம் என்று அவரால் தீர்மானிக்க முடியாமல் போனதால், பதினேழாம் அத்தியாயம் தொட்டு எல்லா வரிகளுக்கும் கோடு விழுந்திருந்தது.

இடப்பக்கம் கால்வாசித் தாள் வெறுமையாக இருப்பது ஏன் என்று கேட்க அவர் வீட்டுக்கே போனேன். மேலிடம் குறிப்பு எழுதுவதற்கு என்றார். தன்வரலாற்றுக்கு மேலிடம் யார் என்றேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

மேலிடம் காபியோடு வந்து அமர்ந்தது. “கல்யாணம் ஆன புதுசுல எனக்கு ஒரே ஒரு லெட்டர் போட்டாரு மேடம்,” என்றார் சகுந்தலா அம்மாள். “‘பார்வையில் காணும் தங்கள் கடிதம்’னு ஆரம்பிச்சிருந்தாரு. எங்கப்பா பயந்துட்டாரு, ஏதோ நோட்டீஸ் வந்துடுச்சின்னு.”

மேற்படியார் அதை மறுக்கவில்லை. அந்தக் கடிதத்துக்குத் தம்மிடம் கார்பன் நகல் இருப்பதாக மட்டும் கூறினார்.

அந்த வாரமே பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பிரதி வராவிட்டால் புத்தகக் காட்சிப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட நேரும் என்று எச்சரித்தார். நான் முழுமூச்சாக இறங்கினேன். எறும்புகளை ஒழித்தேன். முறிந்த வரிகளை ஒட்டினேன். எக்ஸ்களை அழித்தேன். பழகிய கை நிற்கவில்லை. அனுப்புநரையும் பெறுநரையும் பொருளையும் இருபத்திரண்டு இடங்களிலும் நீக்கிவிட்டு, அழகான தலைப்புகளைச் சூட்டினேன். செவ்வாய்க்கிழமை மாலை, அச்செடுத்த தாள்களை அவர் முன் வைத்தபோது, சிறிதளவு பாராட்டையும் எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் முதல் தாளைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் புரட்டினார். பிறகு இருபத்திரண்டு அத்தியாயங்களின் தலைப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“என் பேரு எங்கேம்மா?”

“அட்டையில வருதுங்கய்யா. பெரிய எழுத்துல.”

“அட்டை கிழிஞ்சி போயிடும்மா.”

கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அனுப்புநர்னு அடிச்சிட்டு, எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியப் பாப்பேன். அவங்க பேரச் சொல்லுவாங்க, அடிப்பேன். முப்பத்தஞ்சு வருஷம். வீட்ல ஒக்காந்து இத அடிக்கும்போது, பழக்கத்துல தலை நிமிந்து பாத்தேன். எதிர்ல யாரும் இல்ல. அப்பறந்தான் என் பேர அடிச்சேன். அது வேணாம்னா புத்தகமே வேணாம்மா. நீங்க சிரமப்பட்டதுக்கு மன்னிக்கணும்.”

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சீர்செய்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபத்தோடு கொடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவே பதிப்பாளரை அழைத்தேன். இருபது ஆண்டுகளாக எழுத்தாளர்களின் வழக்கங்களைக் களைந்தே சம்பளம் வாங்கியவள், முதன்முறையாக ஒரு வழக்கத்துக்காக வாதாடினேன். வாசகர்கள் சிரிப்பார்கள் என்றார் அவர். சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே அடுத்த பக்கம் புரட்டுவார்கள் என்றேன். புத்தகமா, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமா என்று கேட்டார். பதினொன்றாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு அழையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அது, பட்டா கிடைக்கும் முன்பே இறந்துபோன ஒரு கிழவருக்கு மேற்படியார் எழுதியது. ‘பொருள்: தங்கள் மனுவில் சர்வே எண்ணை நான் தவறாக அடித்தது – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.’

காலையில் பதிப்பாளர் அழைத்தார். அவர் குரல் சற்றுத் தணிந்திருந்தது. அனுப்புநர் இருக்கலாம், எக்ஸ் மட்டும் கூடவே கூடாது என்றார்.

புதனும் வியாழனும் மேற்படியார் என் அறைக்கே வந்துவிட்டார். நீக்கியவற்றை நான் மீட்டு வைக்க வைக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து சரிபார்த்தார். வலப்பக்க ஒழுங்குக்கு ஒரே ஒரு பொத்தான் போதும் என்று அழுத்திக் காட்டினேன். ‘இப்படிக்கு’ ஒரே தாவலில் ஓரத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு, இதை நம்ப முடியாது, நாளைக்கு அது பாட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்றார். நான் தேநீர் போட எழுந்த நேரத்தில், அதன் பின்னால் பாதுகாப்புக்கு நான்கு இடைவெளிகளைத் தட்டி வைத்திருந்தார். அழித்தேன். வியாழன் மாலை வரை அவர் தட்டுவதும் நான் அழிப்பதுமாக இருந்தோம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பிரதியை அனுப்பினேன்.

புத்தகக் காட்சி தொடங்கி மூன்றாம் நாள் புத்தகம் வந்து சேர்ந்தது. மேற்படியார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அரங்கின் மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். முதல் பிரதியை வாங்கியது, அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த ஒரு பெண். தன் தகப்பனார் காலத்தில் இவர் அடித்த மனுவில்தான் தங்கள் வீட்டுக்கு வழி கிடைத்தது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தரக் கேட்டார்.

மேற்படியார் புத்தகத்தை விரித்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடி கழற்றினார். புத்தகத்தை அந்தப் பெண் பக்கமாகத் திருப்பி, பேனாவை நீட்டி, வலப்பக்க மூலையை விரலால் காட்டினார்.

“இங்க போடுங்கம்மா. பேருக்கு நேரா.”

அந்தப் பெண் விழித்தார். நான் எட்டிக் குனிந்து புத்தகத்தை மேற்படியார் பக்கம் திருப்பி வைத்தேன். இன்றைக்கு நீங்கள்தான் போட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலைப்பெழுத்திலிருந்து தொடங்கி, தம் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக எழுதலானார். நெடுநேரம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு அவசரமில்லை. அவருக்குப் பின்னால், என் பிரதியை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருந்த எனக்கும் அவசரமில்லை.