லோ வோல்டேஜ் அண்ணனும் அடி அண்ணாமலை மோட்டார்களும்

தமிழ்நாட்டில் கரண்ட் குறைந்தால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர் எங்கள் லோ வோல்டேஜ் அண்ணன்தான். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டினால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், இவருக்கு முகம் மலரும். மின்விசிறி முனக ஆரம்பித்தால் கை தானாகக் கிட்டாரைத் தேடும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அவருக்கே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். படிய வாரிய எண்ணெய்த் தலை, நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. இந்த மனிதர் ராக் இசைக் குழு வைத்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் எழுபதுகளில் வெள்ளைக்காரர்கள் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டிலிருந்து எடுத்து, முறுக்கி, காது கிழிய வாசித்தார்களே, அந்த முரட்டு ராக். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அண்ணனுக்கு இசையே இல்லை.

எல்லாம் கிரிவலப் பாதையோரம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் செய்த வேலை. ஒருநாள் அவர், பற்றெல்லாம் அறுந்துவிட்டது என்று சொல்லி, கிட்டாரையும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரையும் அண்ணன் தலையில் கட்டிவிட்டு, காவி உடுத்திக்கொண்டு வடக்கே போய்விட்டார். அவர் விட்ட பற்றை எங்கள் அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆம்ப்ளிஃபயரில்தான் வினை. பழைய ரேடியோவில் இருக்குமே, சூடேறிச் சிவக்கிற கண்ணாடி வால்வுகள், அதே ரகம். கரண்ட் முழுசாக வந்தால் ஸ்டீல் தட்டில் கரண்டியால் தட்டுகிற மாதிரி கத்தும். கரண்ட் கம்மியானால், தொண்டை கட்டியவர் மனசு விட்டுப் பாடுகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். அண்ணனுக்கு வேண்டியது அந்தக் கரகரப்பு. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருந்த அவர் வீட்டில் கரண்ட் குறையவே குறையாது. அதை ஒரு சாபம் மாதிரிச் சொல்லிப் புலம்புவார்.

போகிற இடத்திலெல்லாம் சட்டைப் பையிலிருந்து வோல்ட் பார்க்கிற மீட்டரை எடுத்து பிளக்கில் குத்திப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் பார்த்தார். பஜ்ஜி தட்டு அப்படியே இருக்க, "நூத்தி எண்பதுதான் வருது. நல்ல எடம்" என்றார். பெண்ணின் அப்பா கொதித்துப் போனார். பெண் மட்டும் சிரித்தாள். அவர்தான் இப்போது எங்கள் அண்ணி.

கடைசியில் அவர் கண்டுபிடித்த இடம் அடி அண்ணாமலையில் ஒரு மல்லாட்டை குடோன், வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற இடம். சொந்தக்காரர் கோதண்டம், விவசாயி, தங்கமான மனிதர். சாயங்காலம் வயலுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும். அத்தனையும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்பதால் குடோனில் பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் ஆகிவிடும். அண்ணன் அதற்காகவே ஆபீஸ் விட்டதும் பறப்பார். நான் பேஸ் கிட்டார். கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கிற குமார் டிரம்ஸ், பாட்டும் அவன்தான். குழுவுக்கு 'மும்முனை' என்றே பெயர் வைத்தோம். கல்லூரி விழாவுக்கெல்லாம் கூப்பிட்டார்கள். ஜெனரேட்டர் கரண்டில் தனக்கு வராது என்று அண்ணன் மறுத்துவிட்டார். ஆக, அந்தக் குடோனை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

பூகம்பம் சாந்தா அக்கா உருவத்தில் வந்தது. குடோனுக்கு அடுத்த வீடு. பெட்டிக்கடையும் இரண்டு கறவை மாடும் கொல்லையில் ஒரு துண்டு நிலமும் அவர் பிழைப்பு. நாங்கள் வாசித்தால் மாடு மிரள்கிறதாம், பாலை அடக்கிக்கொள்கிறதாம். ஊர்க்காரர்களைத் திரட்டிவிட்டார். கோதண்டம் பாவம், இரண்டு பக்கமும் இடி. கடைசியில் ஊர் கூடி ஒரு முடிவு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடோன் வாசலில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். சனங்களுக்குப் பிடித்தால் இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே பூட்டு.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. குமாரும் நானும் அண்ணன் காலில் விழாத குறை. ஒரே ஒரு சினிமாப் பாட்டு வாசிப்போம், சனம் கைதட்டும், குடோன் பிழைக்கும் என்று கெஞ்சினோம். அண்ணன் விபூதியைத் தடவியபடி சொன்னார்.

"அத வாசிக்க ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி. இத வாசிக்க இந்த ஜில்லாவுல நாம மூணு பேர்தான்."

மாட்டுக்குப் பதிலாக நம்மைக் கட்டி வைத்து உதைக்கப் போகிறார்கள் என்றான் குமார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்துவிட்டது. முன்வரிசையில் சாந்தா அக்கா, மடியில் பூட்டும் சாவியுமாக. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அண்ணன் ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றிவிட்டு வழக்கம்போல மீட்டரை பிளக்கில் குத்தினார். அப்படியே நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தைந்து! மேலே பல்பு கண்ணைப் பறித்தது. அப்போதுதான் கவனித்தேன், ஊரில் ஒரு மோட்டார் சத்தமும் இல்லை.

கோதண்டம் பெருமையோடு கிட்டே வந்தார். "நானே வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்தேன் சார். நம்ம பசங்க வாசிக்கறாங்க, கரண்ட் நல்லா வரணும், ஒருத்தரும் மோட்டார் போடக்கூடாதுன்னு."

நல்ல மனசு படுத்துகிற பாட்டுக்கு மருந்தே கிடையாது. அண்ணன் அவரைக் கும்பிட்டார். வேறு என்ன செய்வார்? விதியே என்று கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். ஐயோ, அந்தச் சத்தம்! ஒவ்வொரு அடியும் தகரத்தைக் கிழித்தது. கைக்குழந்தைகள் அலறின. கொட்டிலில் மாடு கயிற்றை இழுத்தது. பின்வரிசையில் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சாந்தா அக்கா பூட்டைக் கையில் எடுத்தார். குமாரின் குச்சி ஒன்று நழுவி உருண்டு அவர் காலடியிலேயே போய் நின்றது.

அண்ணன் பாதியில் நிறுத்தினார். முழுக்கைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைக் பக்கம் குனிந்தார்.

"எல்லாரும் போய் மோட்டார் போடுங்க."

பாட்டுப் புரியாதவர்கள் போய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள் என்று நக்கல் பண்ணுவதாகத்தான் ஊர் நினைத்தது. நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். கோதண்டத்தின் முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்காகத்தான சார் நிறுத்தினோம்?" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம் ஜாஸ்தி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணனுக்கு விளக்கிப் பேச வராது. ஆனாலும் நகரவில்லை.

"நக்கல் பண்ணலைங்க. உங்க மோட்டார் ஓடினாத்தான் எனக்கு வாசிக்க வரும். ஒரே ஒரு வாட்டி போடுங்க. அப்பவும் பிடிக்கலன்னா நானே பூட்டிட்டுப் போயிடறேன்."

யாரும் அசையவில்லை. முதலில் எழுந்தது சாந்தா அக்கா. எப்படியும் பூட்டப் போகிறோம், இந்த ஆளின் ஆசையைக் கெடுப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ. விடுவிடுவென்று குடோனுக்குப் பின்னால் இருந்த தன் மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஒரு உறுமல் கேட்டது. தலைக்கு மேலே பல்பு லேசாக மங்கியது.

பிறகு நடந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இப்போது செல்போனில் கூப்பிட்டாலே வயலில் மோட்டார் ஓடுகிற வசதி வந்துவிட்டதல்லவா? கோதண்டம் போனை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். பட்டணத்துக் கச்சேரியில் ரசிகர்கள் போனைத் தூக்கி விளக்குக் காட்டுவார்கள். இங்கே ஒவ்வொரு போனுக்கும் விளக்கு இறங்கியது. சுற்றிலும் வயல்களில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறும, பல்பு மஞ்சளாகி, பழுத்து, எங்கள் பழைய எலுமிச்சம்பழமாயிற்று. அண்ணன் மீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடி ஒரே ஒரு கம்பியை இழுத்துவிட்டார்.

வந்தது. அந்தக் கரகரப்பு, அந்த அழுகை, அதற்குள் ஒரு முரட்டுத்தனம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குமார் ஒற்றைக் குச்சியோடு பின்தொடர்ந்தான். நான் எப்போது சேர்ந்துகொண்டேன் என்று எனக்கே தெரியாது. எழுந்து நின்றவர்கள் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

வாசித்து முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் சாந்தா அக்காவையே பார்த்தார்கள். அவர் கொட்டகையிலிருந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் சார், இத்தன நாளா நாங்க மோட்டார் போட்டதுனாலதான் இந்தச் சத்தம் வந்துச்சா?"

"ஆமாங்க்கா."

"அப்ப நாங்களும் சேந்துதான் வாசிச்சிருக்கோம்."

"ஆமாங்க்கா. என்னைவிட நீங்கதான் ஜாஸ்தி."

அக்கா குமாரின் குச்சியைப் பொறுக்கி அவனிடம் நீட்டினார். இந்தப் பாட்டு தனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் தெளிவாகச் சொன்னார். பால் கறக்கிற நேரத்தில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். பூட்டை மடியில் முடிந்துகொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டார். மறுநாளிலிருந்து நாங்கள் வரத் தாமதமானால் அண்ணனுக்குப் போன் போட்டு, மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது, எங்கே ஆளையே காணோம் என்று அதட்டுகிறவரும் அவரேதான்.

இப்போது நான் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் குடோனுக்குப் போக முடிகிறது. இந்த வீட்டிலும் சில சாயங்காலங்களில் விளக்கு மங்கும். டி.வி. கெட்டுவிடும், ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும், ஒரு ஸ்டெபிலைசர் வாங்கித் தொலையுங்களேன் என்று மனைவி நச்சரிக்கிறாள். வாங்கலாம் வாங்கலாம் என்கிறேன். பல்பு மஞ்சளாகும்போது, அங்கே அண்ணன் கண்ணை மூடிக் கம்பியை இழுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அதனால் இன்னும் வாங்கவில்லை.