அறுபது பிள்ளைகள் முன்னால் நான் சொன்ன அற்புதம்

பேச வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், எதற்கு என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். நான் பாதியிலேயே ஆட்டிவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாலதி மிஸ், பொத்தேரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். ஒருநாள் வந்து, "ஆன்ட்டி, யார் எது சொன்னாலும் அப்படியே நம்பாம, கேள்வி கேட்டு யோசிக்கணும்னு பசங்களுக்குச் சொல்லித் தரேன். நீங்க வந்து உங்க வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க. அவங்க கேள்வி கேப்பாங்க" என்றார்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளைக் கல்லூரியில் பேசக் கூப்பிடுகிறார்கள்! அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஆன்மிகச் சொற்பொழிவு என்றே முடிவு கட்டிவிட்டேன். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பட்டுப்புடவை, ஒரு தூக்கு நிறையச் சுண்டல், அறுபது குங்குமப் பொட்டலம். துணைக்கு என் கணவர், மொட்டைத் தலையில் தொப்பியோடு.

சுண்டல் தீரும்வரை என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"கூடுவாஞ்சேரியில ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தா ஒரு காதுல தோடு இல்லை. எங்க அம்மா போட்ட தோடு. வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன். அன்னைக்கே அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். தோடு கிடைச்சா எங்க வீட்டுக்காரர் மொட்டை போடுவார், கிடைக்கிற வரைக்கும் நான் காபி குடிக்க மாட்டேன்னு." (வேண்டுதல் என்னுடையது, முடி அவருடையது. எங்கள் வீட்டு வழக்கம் இது.) "நாப்பத்தெட்டாம் நாள், பூஜை அறையில மஞ்சள் டப்பாவைத் திறக்கறேன், தோடு உள்ளே இருக்கு! எடுத்தவங்க மனசை அம்மன் மாத்திட்டா. அவங்களே கொண்டுவந்து வெச்சுட்டாங்க."

கைதட்டலுக்காக நிறுத்தினேன். முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண் கையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, எடுத்தவங்கன்னு யாரைச் சொல்றீங்க?"

"பேர் எதுக்கும்மா? சொந்தம்தான். அந்த வாரம் எங்க வீட்டுல தங்கியிருந்தாங்க." (என் நாத்தனார் கலா. கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள்.)

"அவங்க எடுத்ததை யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்கணுமா என்ன? மனசுக்குத் தெரியாதா?"

ஒரு பையன் எழுந்தான். "அந்த மஞ்சள் டப்பாவை நடுவுல திறக்கவே இல்லையா ஆன்ட்டி?"

"வெள்ளிக்கிழமை தவறாம திறப்பேன். இருந்ததே இல்லை. அதாம்ப்பா அற்புதம்!"

கண்ணாடிப் பெண் விடவில்லை. "அவங்க கடைசியா எப்ப உங்க வீட்டுக்கு வந்தாங்க?"

"தோடு போனதுல இருந்து நான் கூப்பிடவே இல்லையே. போன்கூட எடுக்கலை. அவங்க எப்படி வருவாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்த நாப்பத்தெட்டு நாளும் வீட்டுல யாரு இருந்தாங்க?"

"நானும்... எங்க வீட்டுக்காரரும்."

அறுபது தலைகளும் அவர் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குத் திரும்பின. என் கணவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"ஏங்க?" என்றேன்.

"மூணாம் நாளே கிடைச்சிடுச்சு" என்றார். "ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில, மழைக்கோட்டு மடிப்புல. ஆனா நீ அதுக்குள்ள என் முடியை வேண்டிக்கிட்டே. அடுத்த மாசம் ஆபீஸ்ல ரிட்டையர்மென்ட் போட்டோ. முப்பது வருஷம் வேலை பார்த்துட்டு மொட்டைத் தலையோடவா நிக்கறது? போட்டோ எடுத்த மறுநாளே டப்பாவுல வெச்சுட்டேன்."

வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். மாலதி மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தெட்டு நாள் காபி இல்லாமல் தலைவலியோடு கிடந்ததுகூடப் பெரிதில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் திருடி என்று முடிவுகட்டி, அதற்கு அம்மனையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறேனே! ஒரே ஒரு கேள்வியை நான் என்னையே கேட்டிருக்கக் கூடாதா?

பொத்தேரியிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் அவரோடு பேசவில்லை. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், பட்டுப்புடவையோடு நேரே கோவிலம்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன். அவரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். கலா கதவைத் திறந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் கறுத்தது.

"எதுக்குப் பேசாம இருக்கீங்கன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. இதுதானா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, உள்ளே வரப் பயந்து தெருவிலேயே நின்ற தன் அண்ணனை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இந்த மூஞ்சிக்குப் போட்டோ ஒரு கேடா?" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். நான் அழுதேன்.

அம்மன்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கண்ணாடிப் பெண்ணைக் கேட்க வைத்ததே அவள்தான் என்று நம்புகிறேன். (அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.)

இப்போது கலா எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, கைப்பையைத் திறந்து கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, செக் பண்ணிட்டு அனுப்புங்க!" என்கிறாள். வந்திருக்கும் சொந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.