சுவரில் தொங்கிய தலைவர்

"ஏங்க, அந்தக் கலண்டரக் கழட்டுங்கன்னு காலையில இருந்து சொல்றேன்ல?"

கபிரியேல் அதைக் கேட்காத மாதிரி மீசையைச் சீவிக்கொண்டிருந்தார். பிரான்சிஸ்கா ஒரு நாற்காலியை இழுத்து வந்து புருஷனுக்கு முன்னால் டக்கென்று போட்டாள்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வீட்டுக்காரர் எந்தத் தொழிற்சங்கம் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. சுவரில் எந்தத் தலைவருடைய கலண்டர் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். கபிரியேல் வீட்டுச் சுவரில் குடைச் சங்கத் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையின் அப்பா கிருபாகரனோ பசறையில் மணிச் சங்கத்துப் பெரிய புள்ளி என்று கேள்வி.

"தலைவரையே கழட்டச் சொல்றியே, இது உனக்கே நல்லா இருக்கா?"

"நமுனுகுலயில இருந்து வந்த சம்மந்தம் எதனால போச்சு? வந்தவங்க முறுக்குல கை வைக்கிறதுக்குள்ள, சம்பள விசயத்துல உங்க சங்கம்தான் காட்டிக்குடுத்துச்சுன்னு ஆரம்பிச்சீங்களே, அதனால போச்சு. இன்னைக்கு மழையப் பத்தி மட்டும் பேசுங்க. வேற ஒன்னும் பேச வேணாம்."

கபிரியேல் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். எந்த வளைவில் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாய்க்குத்தான் அந்த வசதி இல்லை. சம்பளம், முட்டை விலை, கரண்ட் பில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாதது என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்லி முடிக்காவிட்டால் சோறு இறங்காது.

ஆனால் நேற்று மகள் சஜீவனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, எனக்கு அஜந்தனப் புடிச்சிருக்கு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இருப்பீங்களாப்பா?" என்று கேட்டிருந்தாள். பாலர் பாடசாலையில் அத்தனை வாண்டுகளை அதட்டி மேய்க்கிறவள், அப்பாவிடம் கெஞ்சினாள். இவளுக்காக எதையும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு, கபிரியேல் நாற்காலியில் ஏறித் தலைவரைக் கழற்றினார்.

கழற்றிய இடத்தில் புதுப் பிரச்சினை முளைத்தது. அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரில், கலண்டர் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

"ஐயோ, இப்பத்தான் எதையோ கழட்டி ஒளிச்சு வச்சிருக்கோம்னு நல்லாத் தெரியுது" என்றாள் பிரான்சிஸ்கா. "இருங்க, பக்கத்து வீட்டு சுதர்ஷினி மணிச் சங்கந்தான். அவகிட்டக் கலண்டர் வாங்கிட்டு வாறேன்."

"பிரான்சி! என் வீட்டுச் சுவத்துலயா?"

"உங்க மக கலியாணம் முடியிற வரைக்கும்."

சுதர்ஷினி கலண்டரைக் கொடுத்ததோடு நிற்காமல், "மாமா எங்க சங்கத்துக்கு வந்துட்டாரு!" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கபிரியேலுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. மணிச் சங்கத் தலைவரை அந்த வெள்ளை இடத்தில் மாட்டி இறங்கவும் ஆட்டோ வந்து நின்றது.

மாப்பிள்ளை அஜந்தன், அவன் தங்கை டிலானி, அம்மா, அப்பா என்று நான்கு பேர் இறங்கினார்கள். வாசற்படியில் கிருபாகரனை ஒரு நிமிடம் நிறுத்தி, அவருடைய மனைவி மப்ளரைக் காது மறையச் சுற்றிவிட்டு, எதையோ கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"குளிரு தாங்க மாட்டாரு" என்று சிரித்தாள்.

கிருபாகரன் சரியாகக் கலண்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அதையே முறைத்துப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் மழை எப்பிடிங்க?" என்றார் கபிரியேல்.

கிருபாகரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு மறுபடியும் கலண்டரைப் பார்த்தார். கபிரியேலால் வாயை அடக்க முடியவில்லை.

"எங்க தலைவர்தாங்க" என்று ஆரம்பித்தார். "தொழிலாளிக்குன்னே பொறந்த மனுசன். சொக்கத் தங்கம்."

அஜந்தன் பதறிப்போய் கபிரியேலின் காதருகே குனிந்தான். "மாமா, அப்பா போன மாசமே அந்தச் சங்கத்த விட்டு விலகிட்டாரு. தலைவரோட பெரிய சண்டை. அந்தப் பேச்ச விட்டுருங்க."

கபிரியேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்! தங்கம்னு வெளிய பேருதாங்க, உள்ள பூரா பித்தளை. நம்ம சந்தாவுல கொழும்புல மாடி வீடு கட்டுன ஆளு!"

மாப்பிள்ளையின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரு என் கூடப் பொறந்த அண்ணன்" என்றாள்.

பலகாரத் தட்டோடு வந்த சஜீவனி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். கபிரியேல் மகளின் முகத்தைப் பார்த்தார். எப்படியாவது மழைக்கே திரும்பிவிட வேண்டும்.

"எல்லாம் இந்த மழையால வந்த கோளாறுங்க" என்றார். "மழை வந்தா மண்ணு சரியுது. மண்ணு சரிஞ்சா வீடு போகுது. வீடு போனா..."

பிரான்சிஸ்கா அவர் காலை மிதித்தாள். லொறி பள்ளத்தில் இறங்கிவிட்டது.

"வீடு தாறேன்னு ஒவ்வொரு எலக்சனுக்கும் வந்து அடிக்கல்லு நட்டுட்டுப் போறானுக. அந்தக் கல்லையெல்லாம் சேத்தா நாலு வீடு கட்டிரலாம்! எவன் ஆட்சிக்கு வந்தாலும் நம்ம கூரை ஒழுகுறது நிக்கல. இதுல முட்டை விலையப் பாத்தீங்களா?"

முட்டையிலிருந்து கரண்டுக்குப் போனார், கரண்டிலிருந்து வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் போனார். கிருபாகரன் முறுக்கைக் கடித்தபடி சாந்தமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணனைப் பேசிவிட்டாரே என்று அழுகிறாள் போலும்.

அப்போதுதான் கபிரியேல் நிறுத்தினார். மகளின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைக்க, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கிருபாகரன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணால் ஏதோ சொன்னாள். அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நேராக வந்து கபிரியேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்த லயத்துக்கே கேட்கிற மாதிரி, "சம்மந்தி!" என்றார்.

"எனக்கு உங்க குடும்பம் ரொம்பப் புடிச்சிருக்கு. தவக்காலம் முடியட்டும். ஈஸ்டர் கழிச்சு கலியாணத்த வச்சுருவோம்!"

பிரான்சிஸ்கா சிலுவை போட்டுக்கொண்டாள். சஜீவனி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கபிரியேலுக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, உட்கார்ந்து ஒரு முறுக்குத் தின்னலாம் போலிருந்தது.

வந்தவர்கள் விடைபெற்று ஆட்டோவுக்குப் போனதும் அவருக்குப் பழைய மிடுக்கு திரும்பியது. நாற்காலியில் ஏறி மணிச் சங்கத்தைக் கழற்றித் தன் தலைவரை மாட்டினார்.

"பாத்தியா பிரான்சி? நெசத்தப் பேசுனா மதிக்கிற மனுசனும் இருக்கான். ஒரு வார்த்தை குறுக்க பேசல! என் கருத்த அவ்வளவு கவனமாக் கேட்ட ஆள இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல."

பிரான்சிஸ்காவும் முதல் தடவையாகப் புருஷனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். அந்த நேரம் பார்த்து டிலானி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மாமி, அம்மா பேக்க மறந்து வச்சுட்டு வந்துட்டாங்க, கொஞ்சம் எடுத்துத் தாறீங்களா? அண்ணனுக்குப் பாத்த மூணு சம்மந்தமும் அப்பா போற வீட்டுல அரசியல் சண்டை போட்டே கெட்டுப்போச்சுன்னு, இந்த வாட்டி அம்மா வாசல்லயே அவரோட காது மெஷினக் கழட்டி அதுக்குள்ள போட்டுட்டாங்க!"